டெக்சஸ் சிற்றூரில் பழைய கவுண்டி கோர்ட்டைப் பார்க்கப் போகிறீர்களா? இப்படிப் பாருங்கள்

டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் வார இறுதியில் கிளம்பினால் ஏரி, பண்ணை, வசந்த காலமென்றால் புளூபானெட் பூத்த வயல் என்று போய்த் திரும்பிவிடுகிறோம். வழியில் ஏதோ ஒரு சிற்றூரில் பெட்ரோல் போட நிறுத்தும்போது ஊர் நடுவில் பிரம்மாண்டமாக ஒரு கல் கட்டடம் தெரியும், உச்சியில் நாலு பக்கமும் கடிகாரம் வைத்த கோபுரம், சுற்றிலும் புல்வெளி. இத்தனை சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு என்று ஒரு நிமிடம் தோன்றும், ஒரு போட்டோ எடுப்போம், அதோடு சரி. அதுதான் கவுண்டி கோர்ட்டு. அரை நாள் ஒதுக்கினால் ஒரு ஊரின் நூற்றைம்பது வருடச் சண்டை சச்சரவு, வரவு செலவு, வீம்பு, வெட்கம் எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். எங்கே பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம் ஊர் மாவட்டம் மாதிரி. டெக்சஸில் 254 கவுண்டிகள். அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. கவுண்டி கோர்ட்டு என்றால் வழக்கு நடக்கும் இடம் மட்டும் இல்லை. நம் ஊர் தாலுகா ஆபீஸ், சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ், முன்சீப் கோர்ட்டு எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் போட்டது போல. நிலப் பத்திரம், கல்யாண லைசென்ஸ், வரி, தேர்தல், மாட்டுக்குப் போடும் சூட்டுக் குறி வரை அங்கேதான் பதிவு. அதனால் கோர்ட்டு இருக்கும் ஊருக்குத்தான் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு வந்தாக வேண்டும், வந்தவர்கள் அங்கேயே சாப்பிட்டு, சாமான் வாங்கி, தங்கிப் போவார்கள். தலைமையிடம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டால் இந்த ஊர்க் கடைத்தெரு படுத்துவிடும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கட்டடத்தின் பாதி விஷயம் விளங்கிவிடும்: நீதி வழங்க இவ்வளவு கல் தேவையில்லை, தலைமையிடத்தை யாரும் பிடுங்கிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இவ்வளவு கல்.

சட்டமும் அதற்கு ஒத்தாசையாக இருந்தது. 1876-ஆம் வருட மாநில அரசியல் சட்டப்படி கவுண்டியின் நடுப்பகுதியில் இருக்கும் தலைமையிடத்தை மாற்றுவதென்றால் ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். நடு மையத்திலிருந்து 5 மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து மையத்தை ஒட்டிய ஊருக்கு மாற்ற வெறும் பெரும்பான்மை போதும். அதே சட்டம்தான் புதிதாகப் பிரிக்கும் கவுண்டி 900 சதுர மைலுக்குக் குறையாமல் சதுரமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. மேற்கு டெக்சஸ் வரைபடத்தில் கவுண்டிகள் எல்லாம் கட்டம் போட்ட நோட்டுப் பக்கம் மாதிரி இருப்பதற்குக் காரணம் இது. அப்புறம் 1881-இல், கோர்ட்டு கட்ட கவுண்டிகள் கடன் பத்திரம் வெளியிடலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. ரயில் வந்துகொண்டிருந்தது, பருத்தி விளைந்தது, கடனும் கிடைத்தது. அடுத்த இருபது வருடத்தில் கட்டியவைதான் இன்று நாம் நின்று வாய் பிளந்து பார்க்கும் கோர்ட்டுகளில் பெரும்பாலானவை.

எந்த நாள், எந்த நேரம்

திங்கள் முதல் வெள்ளி வரை போங்கள். சனி ஞாயிறு வெளியே சுற்றிப் பார்க்கலாம், உள்ளே பூட்டியிருக்கும். காலை 8-லிருந்து மாலை 5 வரைதான் பொதுவாகத் திறந்திருக்கும், சின்ன கவுண்டிகளில் மதியச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்துவதும் உண்டு. இது இன்றைக்கும் நடக்கும் அலுவலகம் என்பதை மறக்க வேண்டாம். வாசலில் ஸ்கேனர் இருக்கும், பேனாக்கத்தி, சாவிக்கொத்தில் தொங்கும் மிளகு ஸ்பிரே எல்லாவற்றையும் காரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நல்லது.

முதலில் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், சதுக்கத்தைப் பாருங்கள்

காரை ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். தெருக்கள் எங்கே வந்து சேர்கின்றன என்று கவனியுங்கள். கோர்ட்டு ஒரு முழு பிளாக்கின் நடுவில் நின்று, நான்கு மூலையிலும் தெருக்கள் வெட்டிக்கொண்டால் அது ஷெல்பிவில் வகை. டென்னசி மாநிலத்து ஷெல்பிவில் ஊரின் பெயர். தெருக்கள் சதுக்கத்தின் பக்கவாட்டு நடுவில் வந்து முட்டினால், அதாவது தூரத்தில் காரில் வரும்போதே கோபுரம் நேர் எதிரே தெரிந்துகொண்டே வந்தால், அது பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வகை. இரண்டும் கலந்ததற்கு வர்ஜீனியாவின் ஹாரிசன்பர்க் பெயர். எட்வர்ட் பிரைஸ் என்ற புவியியலாளர் 1968-இல் போட்ட பாகுபாடு இது. டெக்சஸில் பெரும்பாலும் ஷெல்பிவில் வகைதான் கண்ணில் படும். கிழக்கிலிருந்து குடிவந்தவர்கள் தங்களுக்குப் பழக்கமான ஊரமைப்பைக் கையோடு கொண்டுவந்தார்கள், அதனால் எந்தப் பக்கத்து ஆட்கள் வந்து ஊர் போட்டார்கள் என்பதற்கு இது ஒரு தடயம்.

சுற்றியிருக்கும் கடைகளையும் விடாதீர்கள். முகப்பில் கீழே, கதவு நிலைக்கு அருகில் குனிந்து பார்த்தால் சில சமயம் செயின்ட் லூயிஸ் நகரத்து மெஸ்கர் சகோதரர்கள் கம்பெனியின் பெயர் இரும்பிலேயே வார்த்திருக்கும். கேட்டலாகைப் பார்த்து ஆர்டர் கொடுத்து, ரயிலில் வரவழைத்துப் பொருத்திய கடை முகப்புகள் இவை. கோர்ட்டு உச்சியில் தராசு பிடித்து நிற்கும் நீதிதேவதையும் பல ஊர்களில் அப்படி வந்தவள்தான்; ஒஹாயோ மாநிலத்து சேலம் என்ற ஊரில் மல்லின்ஸ் கம்பெனி தகட்டை அடித்து இந்த மாதிரிச் சிலைகள் செய்து விற்றது. ஆமாம், அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது.

புல்வெளியில் ஒரு சுற்று வரும்போது டெக்சஸ் வரலாற்று ஆணையத்தின் உலோகப் பலகை கண்ணில் படும். படியுங்கள், ஆனால் அதோடு முடித்துக்கொள்ளாதீர்கள், அதில் நல்ல சேதி மட்டும்தான் இருக்கும். பல ஊர்களில் பக்கத்திலேயே துப்பாக்கி ஏந்திய கான்ஃபெடரேட் சிப்பாய் சிலை நிற்கும், அதாவது உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தெற்கு மாநிலத் தரப்புச் சிப்பாய். அதன் பீடத்தில் வருடத்தைப் பாருங்கள். உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-இல், சிலைகளில் பெரும்பாலானவை 1900-க்குப் பிறகு வைத்தவை. கறுப்பர்களின் ஓட்டுரிமையைப் பறித்து, பள்ளியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை தனித்தனி ஆக்கிய அதே வருடங்கள். கோர்ட்டு வாசலில் ஏன் வைத்தார்கள் என்று அதற்கு மேல் யாரும் விளக்கத் தேவையில்லை.

அடிக்கல்

பொதுவாக வடகிழக்கு மூலையில், இடுப்பு உயரத்துக்குள் இருக்கும். பெரும்பாலும் ஃப்ரீமேசன் என்ற சகோதர சங்கத்தார் சடங்கு செய்து வைத்த கல், அதனால் கவராயமும் மூலைமட்டமும் சேர்ந்த அவர்களுடைய சின்னம் செதுக்கியிருக்கும். வருடம் இரண்டு விதமாக இருந்தால் குழம்ப வேண்டாம். 1895 என்று ஒரு பக்கமும் ஏ.எல். 5895 என்று ஒரு பக்கமும் இருக்கும். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து கணக்கு வைப்பது அவர்கள் வழக்கம், நம் கணக்கோடு 4000 கூட்டிக்கொண்டால் போதும். கல்லில் கவுண்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள், கட்டடக் கலைஞர், காண்டிராக்டர் பெயர்கள் இருந்தால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே போய் மினிட்ஸ் புத்தகம், அதாவது கவுண்டிக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு, கேட்கும்போது இந்தப் பெயர்கள்தான் கைகொடுக்கும். ஒன்று கவனம்: அடிக்கல் வருடம் கட்டி முடித்த வருடம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும்.

அடிக்கல்லுக்குள் ஒரு குழி வைத்து பைபிள், செய்தித்தாள், நாணயம் போட்டு மூடுவது வழக்கம். ஈஸ்ட்லண்ட் என்ற ஊரில் 1897-இல் யாரோ ஒரு கொம்பு ஓணானையும் உள்ளே போட்டுவிட்டார்கள். 1928-இல் அந்தக் கோர்ட்டை இடித்துக் கல்லைத் திறந்தபோது ஓணான் உயிரோடு இருந்தது என்பது ஊரார் வாக்கு. ஓல்ட் ரிப் என்று பெயர் வைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய், ஜனாதிபதி கூலிட்ஜிடம் வரை காட்டினார்கள். அது செத்த பிறகு பதப்படுத்தி, பட்டு விரித்த சின்ன சவப்பெட்டியில் வைத்து, இன்றும் ஈஸ்ட்லண்ட் கோர்ட்டில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். 31 வருடம் ஓணான் சோறு தண்ணி இல்லாமல் இருக்குமா என்று அங்கே போய்க் கேட்காதீர்கள், மனம் நோகும்.

சுவரைப் பார்த்து வயதைச் சொல்வது

பலகையைப் பார்க்காமலே பத்து வருடம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம், கஷ்டமில்லை. கூரை செங்குத்தாக ஏறி, மேலே தட்டையாக வெட்டிவிட்டது மாதிரி இருந்து, அதில் சின்னச் சின்ன ஜன்னல்கள் எட்டிப் பார்த்தால் அது பிரெஞ்சுப் பாணி மான்சார்ட் கூரை, 1880-கள் அல்லது 1890-களின் தொடக்கம். வேகோ நகரத்திலிருந்து வேலை பார்த்த டாட்சன் என்ற கட்டடக் கலைஞர் இதில் கைதேர்ந்தவர். வெதர்ஃபோர்டு (1886), ஹில்ஸ்போரோ (1890), கிரான்பரி (1891) மூன்றுமே அவர் கட்டியவை, உள்ளூர் சுண்ணாம்புக்கல்.

கல் கரடுமுரடாகவே விடப்பட்டு, வாசல் முழுக்கத் தாழ்வான அரைவட்ட வளைவுகள், மூலைகளில் உருண்டைக் கோபுரங்கள், மொத்தமாக மலையைக் குடைந்த மாதிரிக் கனமாக இருந்தால் அது 1890-கள். பாஸ்டனில் டிரினிட்டி தேவாலயத்தையும் பிட்ஸ்பர்க்கில் அலெகெனி கவுண்டி கோர்ட்டையும் வடிவமைத்த ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் கிளப்பிவிட்ட பாணி இது. அவர் 1886-இலேயே, 47 வயதில் இறந்துவிட்டார், அவர் பாணி டெக்சஸ் கிராமங்களில் பரவியது அதற்குப் பிறகுதான். 1900-க்கு மேல் வந்தால் கரடுமுரடு போய், வழவழப்பான தூண் வரிசை, முக்கோண முகப்பு, நடுவில் குவிமாடம். 1930-களில் அதுவும் போய்த் தட்டைக் கூரை, நேர்க்கோடுகள், அலுமினிய எழுத்துகள். அவற்றில் பல பெருமந்தக் காலத்தில் மத்திய அரசு பணம் கொடுத்துக் கட்டியவை. 1950-க்குப் பிறகு வந்தவற்றுக்கு நின்று பார்க்க அவ்வளவு இல்லை, என் அபிப்பிராயம்.

ஆனால் சுவர் பொய் சொல்வதும் உண்டு. வார்ட்டன் கவுண்டியில் யூஜின் ஹைனர் 1889-இல் கட்டிய செங்கல் கோர்ட்டுக்கு 1930-களில் கோபுரத்தை எடுத்துவிட்டு, மேலே சிமென்ட் பூசி, புதுப்பாணிக் கட்டடம் போல ஆக்கிவிட்டார்கள். பல பத்து வருடம் அப்படியே கிடந்தது. 2000-களில்தான் பூச்சைப் பெயர்த்து, கோபுரத்தைத் திரும்பக் கட்டினார்கள். அதனால் வெளிச்சுவரும் ஜன்னல் அளவும் ஒட்டவில்லை என்று தோன்றினால், பின்பக்கம் போய்ப் பாருங்கள். பூச்சு வேலை செய்தவர்கள் பின்பக்கத்தில் அவ்வளவு அக்கறை எடுப்பதில்லை, உதிர்ந்த இடத்தில் பழைய செங்கல் தெரியும்.

வாக்ஸஹாச்சி: ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால்

டல்லாஸுக்குத் தெற்கே 30 மைலில் எல்லிஸ் கவுண்டி தலைமையிடம் வாக்ஸஹாச்சி. கோர்ட்டை 1897-இல் முடித்தார்கள். அந்தக் காலத்தில் நாட்டிலேயே அதிகப் பருத்தி விளைந்த கவுண்டிகளில் இது ஒன்று, கையில் காசு புரண்டது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் ரைலி கார்டன். 1863-இல் பிறந்தவர், இதைத் தொடங்கும்போது முப்பதைத் தாண்டி ஓரிரண்டு வயது. டெக்சஸில் அவர் 18 கோர்ட்டுகள் வடிவமைத்தார், 12 இன்றும் நிற்கின்றன.

தூரத்திலிருந்து சிவப்பும் இளஞ்சிவப்பும் பட்டை பட்டையாகத் தெரியும். சிவப்பு, மேற்கு டெக்சஸ் பீக்கஸ் பக்கத்து மணற்கல். இளஞ்சிவப்பு, நடு டெக்சஸ் பர்னெட் பக்கத்துக் கிரானைட். ஆஸ்டினில் 1888-இல் முடித்த மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்கும் கல் அந்தப் பக்கத்திலிருந்துதான் போனது. மலையிலிருந்து கல்லைக் கொண்டுவர ரயில் பாதை போட்டார்கள், உடைக்கச் சிறைக் கைதிகளைப் போட்டார்கள், அதை எதிர்த்துக் கல்தச்சர் சங்கம் வேலைக்கு வர மறுத்தபோது ஸ்காட்லாந்திலிருந்து ஆள் இறக்கினார்கள். இன்று நாம் நின்று செல்ஃபி எடுக்கும் இளஞ்சிவப்புக் கல்லுக்குப் பின்னால் இது இருக்கிறது. பாதை போட்டாகிவிட்டதால் பிறகு கவுண்டிகளுக்கும் அந்தக் கல் சுலபமாகக் கிடைத்தது. டிகேட்டர் ஊரில் இதே கார்டன் 1896-இல் கட்டிய வைஸ் கவுண்டி கோர்ட்டு கிட்டத்தட்ட இதன் இரட்டைப் பிள்ளை, அதுவும் அதே கிரானைட்.

இப்போது வாசலுக்கு வாருங்கள். சாதாரணமாக முகப்பின் நடுவில்தான் வாசல் வைப்பார்கள், கார்டன் மூலையில் வைத்தார். கூட்டல் குறி மாதிரி ஒரு கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்; இரண்டு கைகள் சேரும் உள் மூலை நான்கு இருக்குமே, அங்கே வளைவாக ஒரு திண்ணை, அதன் வழியாக உள்ளே நுழைவது. இது அழகுக்காக மட்டும் செய்தது இல்லை. ஏசி, மின்விசிறி எதுவும் இல்லாத காலம், கம்பளிக் கோட்டுப் போட்ட ஜூரிகள் பன்னிரண்டு பேர், வெளியே 40 டிகிரி. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் ஏதோ ஒரு மூலைத் திண்ணை அதைப் பிடித்து உள்ளே அனுப்பும்; கட்டடத்தின் நடுவில் கோபுரம் வரை திறந்த கூடம், சூடான காற்று மேலே ஏறி கோபுரத்து ஜன்னல்கள் வழியாக வெளியே போய்விடும், அந்த இழுப்பில் கீழே நிழலிலிருந்து புதுக் காற்று வரும். அந்தக் கோபுரம் கடிகாரம் மாட்ட மட்டும் நிற்கவில்லை, புகைபோக்கி வேலையும் பார்த்தது. பின்னாளில் ஏசி வந்ததும் பல கோர்ட்டுகளில் நடுக்கூடத்தைப் பலகை போட்டு அடைத்து, பொய்க்கூரை தொங்கவிட்டு, கூடத்தையே ஆபீஸ் அறையாக்கிவிட்டார்கள். நீங்கள் போகும் கோர்ட்டில் மாடிப்படி ஒரு பலகைச் சுவரில் போய் முட்டி நின்றாலோ, உயர ஜன்னலின் மேல் பாதி கூரைக்குள் மறைந்தாலோ இதுதான் நடந்திருக்கும்.

திண்ணைத் தூண்களின் தலைப்பில் முகங்கள் செதுக்கியிருக்கும். இங்கேதான் எல்லா வழிகாட்டியும் ஒரே கதையைச் சொல்வார்கள்: வெளியூரிலிருந்து வந்த கல்தச்சர் தங்கியிருந்த வீட்டுப் பெண்ணைக் காதலித்தார், முதலில் அவள் முகத்தை அழகாகச் செதுக்கினார், அவள் மறுக்க மறுக்க முகங்கள் கோரமாகிக்கொண்டே போயின. கேட்க நன்றாக இருக்கிறது, வரலாற்றாளர்கள் நம்புவதில்லை. கோர முகங்கள் இந்தப் பாணியில் எங்கேயும் உண்டு. கதையை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள், தூண் தலைப்பின் இலைக் கொடிகளுக்கு நடுவில் பல் இளித்துக்கொண்டு ஒன்று, வாயைக் கோணிக்கொண்டு ஒன்று. சிவப்பு மணற்கல் மென்மையானது, அதனால்தான் பல்லிடுக்கு வரை உளி போயிருக்கிறது. கீழே கிரானைட்டில் யாரும் அந்த வேலைக்குப் போகவில்லை. வெளிச்சம் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ பார்த்தால்தான் இது தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சிவப்பு.

உள்ளே

மாடியில்தான் பெரிய கோர்ட் அறை இருக்கும். விசாரணை நடந்தால் கதவருகே நிற்கும் கோர்ட்டுக் காவலரிடம் (பெய்லிஃப்) மெதுவாகக் கேளுங்கள், போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காரச் சொல்வார். நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே போய்ப் பார்க்க விடுவார்கள். தகட்டில் பூ வேலை அச்சடித்த கூரை, மரப் பலகையிலேயே மரத்தின் ரேகையைத் தூரிகையால் வரைந்த பூச்சு, சரிவாக இறங்கும் தரை. கிழக்குக் கோடியில் சென்டர் என்ற ஊரில் 1885-இல் கட்டிய ஷெல்பி கவுண்டி கோர்ட்டில் ஜட்ஜ் மேடைக்குப் பின்னால் தப்பி ஓட ரகசியப் படிக்கட்டே இருக்கிறது. தீர்ப்பு பிடிக்காதவர்கள் துப்பாக்கியோடு வந்த காலம்.

கோர்ட் அறையில் அண்ணாந்து பாருங்கள். மேலே பால்கனி இருந்தால் அங்கே யார் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். தெற்கு மாநிலங்கள் முழுக்கக் கறுப்பர்களை மேலே ஏற்றித்தான் உட்கார வைத்தார்கள். ஒரே தளத்தில் தேவையில்லாமல் இரண்டிரண்டு கழிவறை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தண்ணீர்க் குழாய் அடைத்த தடம் இருந்தால் அதுவும் அந்தக் கணக்குத்தான். வேகோவில் 1900-களின் தொடக்கத்தில் இதே கார்டன் கட்டிய மெக்லெனன் கவுண்டி கோர்ட்டு ஒன்று இருக்கிறது, வெள்ளைக் குவிமாடம், மிக அழகான கட்டடம். 1916 மே 15 அன்று ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற 17 வயதுக் கறுப்புப் பையனுக்கு அங்கே விசாரணை நடந்தது. ஜூரிகள் நான்கு நிமிடத்தில் முடிவு சொன்னார்கள், கூட்டம் அவனை அறையிலிருந்தே இழுத்துக்கொண்டு போய் நகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் எரித்துக் கொன்றது, ஆயிரக்கணக்கானவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கார்டனின் தூண்களைப் பற்றிப் பேசும் போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மினிட்ஸ் புத்தகம்

இதுவரை சொன்னது கண்ணால் பார்ப்பது. உண்மையான வரலாறு கவுண்டி கிளார்க் ஆபீஸில் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கவுன்டரில் போய் இவ்வளவு கேட்டால் போதும்: கமிஷனர்ஸ் கோர்ட் மினிட்ஸ், அடிக்கல் வருடத்துக்கு இரண்டு வருடம் முன்னாலிருந்து. கமிஷனர்ஸ் கோர்ட் என்றால் வழக்கு கேட்கும் கோர்ட்டு இல்லை, ஒரு கவுண்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்து கவுண்டியை நிர்வகிக்கும் சபை. பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் நல்லது, கிளார்க் அம்மாவுக்கே ஆர்வம் வந்து இன்னும் இரண்டு புத்தகம் எடுத்துக் கொடுப்பார்.

இரும்புக் கதவு போட்ட, தீப்பிடிக்காத அறைக்குள் உங்களை அனுப்புவார்கள். புத்தகம் ஒவ்வொன்றும் தூக்க முடியாத கனம், உருளை வைத்த இரும்புத் தட்டில் படுக்கை வாக்கில் இருக்கும், இழுத்தால் உருண்டு வரும். உள்ளே கிளார்க்கின் கையெழுத்து, பழுப்பேறிய மை, முதல் பத்து நிமிடம் ஒரு எழுத்தும் புரியாது, அப்புறம் கண் பழகிவிடும். முன்னாலோ தனிப் புத்தகமாகவோ அட்டவணை இருக்கும். கோர்ட்டு, கடன் பத்திரம், கட்டடக் கலைஞர் பெயர், காண்டிராக்டர் பெயர் என்று தேடுங்கள். டெண்டர் எத்தனை பேர் போட்டார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், நடுவில் கல் தரமில்லை என்று யார் வேலையை நிறுத்தினார்கள், கூடுதல் செலவுக்கு யார் கையெழுத்துப் போட மறுத்தார்கள், எல்லாம் இருக்கும். கமிஷனர் ஒருவர் தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்ன பக்கம் கிடைத்தால் அன்று நீங்கள் வந்த வேலை முடிந்தது. நகல் வேண்டுமானால் பக்கத்துக்கு 1 டாலர். போனில் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

நேரம் இருந்தால் சூட்டுக் குறிப் புத்தகத்தையும் கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் சொந்தக்காரர் பெயர், மாட்டின் எந்தப் பக்கத்தில் சூடு, பக்கத்தில் அந்தக் குறியின் படம் பேனாவால் வரைந்தது, அதோடு காதை எப்படி வெட்டியிருக்கிறது என்பதற்கு இரண்டு சின்னக் காதுகள். டெக்சஸில் இன்றும் சூட்டுக் குறியைக் கவுண்டி கிளார்க்கிடம்தான் பதிய வேண்டும், பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

பழைய கோர்ட்டு எரிந்து, புத்தகங்களும் போய்விட்ட கவுண்டிகள் உண்டு. அங்கே கைவிரிப்பார்கள். அப்போது வீட்டுக்கு வந்து, வட டெக்சஸ் பல்கலைக்கழகம் நடத்தும் போர்ட்டல் டு டெக்சஸ் ஹிஸ்டரி தளத்தில் உள்ளூர்ப் பழைய செய்தித்தாள்களைத் தேடுங்கள், இலவசம். அதோடு சான்பார்ன் வரைபடங்கள்: தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக ஊர் ஊராக வரைந்தவை, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இருக்கின்றன. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், நீலம் கல், மஞ்சள் மரம். ஒரே ஊரின் வரைபடத்தைச் சில வருட இடைவெளியில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சதுக்கத்தைச் சுற்றி மஞ்சள் குறைந்து இளஞ்சிவப்பு ஏறுவதைப் பார்க்கலாம். எந்தத் தீ எந்தப் பக்கக் கடைகளைத் தின்றது என்பதும் தெரியும். மூன்றாவதாக, டெக்சஸ் வரலாற்று ஆணையத்தின் அட்லஸ் தளத்தில் கவுண்டி பெயரைப் போட்டால் வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்க எழுதிய விண்ணப்பம் கிடைக்கும், சில கோர்ட்டுகளுக்கு இருபது முப்பது பக்கம். ஊர்க் கதைகளைச் சரிபார்க்க இதுதான் நல்ல இடம்.

நின்று கொண்டிருப்பது எப்படி

இவ்வளவும் தானாகப் பிழைத்து நிற்கவில்லை. 1998-இல் வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளை நாட்டிலேயே அழியும் நிலையில் இருக்கும் 11 இடங்களின் பட்டியலில் டெக்சஸ் கோர்ட்டுகளை மொத்தமாகச் சேர்த்தது. அடுத்த வருடம் மாநில அரசு புனரமைப்பு நிதித் திட்டம் தொடங்கியது, 70-க்கும் மேற்பட்ட கோர்ட்டுகள் அதில் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டன. பழைய கோர்ட்டை இடிக்கவோ பெரிதாக மாற்றவோ வேண்டுமானால் கவுண்டி ஆறு மாதம் முன்னதாக வரலாற்று ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. ஹில்ஸ்போரோ கதை அதற்கும் முந்தியது. 1993 புத்தாண்டு அன்று கோர்ட்டு தீப்பிடித்து, கோபுரம் உள்ளேயே சரிந்து, சுண்ணாம்புக்கல் சுவர் மட்டும் நின்றது. பாடகர் வில்லி நெல்சன் அதே ஹில் கவுண்டியில் ஆபட் என்ற ஊர்க்காரர், நிதி திரட்டக் கச்சேரி நடத்தினார். பழைய படங்களை வைத்துத் திரும்பக் கட்டி 1999-இல் திறந்தார்கள். அங்கே போனால் கீழ்த்தளச் சுவருக்கும் மேலே கோபுரத்துக்கும் நூறு வருட இடைவெளி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

டல்லாஸிலிருந்து ஒரே நாளில் போவதென்றால்: காலை 8 மணிக்கு வாக்ஸஹாச்சி, முகங்களுக்கு அந்த வெளிச்சம்தான் சரி. 9 மணிக்குக் கிளார்க் ஆபீஸ். மதியத்துக்கு முன் ஐ-35இ நெடுஞ்சாலை பிடித்துத் தெற்கே ஹில்ஸ்போரோ. சாப்பிட்டுவிட்டு மேற்கே கிரான்பரி. அங்கே கோர்ட்டைச் சுற்றியிருக்கும் கடைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, மாலை அங்கே கழியும். குழந்தைகள் கூட வந்தால் கிளார்க் ஆபீஸை விட்டுவிட்டு இன்னொரு வார நாளில் தனியாக வாருங்கள். எப்படியிருந்தாலும் சாயங்காலம் நாலரைக்குப் போய்ப் பழைய மினிட்ஸ் புத்தகம் கேட்காதீர்கள், அவர்களும் வீட்டுக்குப் போக வேண்டும்.